ஏழு பேர் சாப்பிட்ட தட்டு

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

திரு. ராஜாராமன், தலைவர். டில்லியில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் காஞ்சிபுரம். கடைசியாக இந்தப் பக்கம் வந்தது தகப்பனார் காரியத்துக்கு.

பேராசிரியர் ஜெகந்நாதன், பண்பாட்டு அறிஞர்.

செல்வி ஜலஜா, மனையியல் விரிவுரையாளர். தட்டை வரைந்தவர்.

திரு. தாமோதரன், நிலக்காரர். வாலாஜாபாத்தில் ரைஸ் மில். விவசாயிகள் சார்பில்.

திரு. தானியேல், தலைமையாசிரியர். கிறிஸ்தவர்கள் சார்பில்.

ஜனாப் பாவா சாயபு, மளிகைக் கடை. முஸ்லிம்கள் சார்பில்.

திரு. வேதாசலம், உத்திரமேரூர் பி.டி.ஓ. கூட்ட அமைப்பாளர்.

முனிரத்தினம், பியூன். டீ சார்பில்.

சின்னப்பையன். ஆயில் இன்ஜின் கேட்டு வந்த ஆள்.

கடைசிப் பெயர் முதலில் இல்லை. கூட்டம் பாதி நடக்கும்போது சேர்த்தார்கள். சேர்த்ததால் அவனுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது.

அந்த வருஷம் வானம் கையை விரித்துவிட்டது. ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மாடு மேய்ந்தது. சின்னப்பையனுக்கு ஊருக்குத் தெற்கே முக்கால் ஏக்கர் நிலம். நவரைப் பட்டத்தில் நெல் நட்டிருந்தான். கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற சமயம். அந்தச் சமயத்தில் ரெண்டு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். கிணற்றில் தண்ணீர் இருந்தது, அடியில். அதை மேலே கொண்டுவர அவனிடம் இன்ஜின் இல்லை. யூனியன் ஆபீசில் ஒன்று இருந்தது. சிறு விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். பி.டி.ஓ. ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

இன்ஜின் ஷெட்டில் நின்றது. வராந்தாவிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. பச்சை பெயிண்ட். மேலே ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

"ஐயா எப்ப வருவாரு?" என்று கேட்டான் சின்னப்பையன்.

"உள்ளதான் கீறாரு. மீட்டிங்," என்றான் முனிரத்தினம்.

"இன்னா மீட்டிங்?"

"தட்டு மீட்டிங்."

"இன்னா தட்டு?"

"சோறு துன்ற தட்டுய்யா. அதை புச்சா செய்யப் போறாங்களாம்."

"ஏன், இப்ப கீற தட்டுல சோறு நிக்கலியா?"

"அதெல்லாம் என்னைக் கேக்காத. எத்தினி டீன்னு கேளு, சொல்றேன்."

உள்ளே அரசாங்கம் அமைத்த தட்டுக் குழுவின் தலைவர் ராஜாராமன் பேசிக்கொண்டிருந்தார். கையில் ஒரு சாதாரண அலுமினியத் தட்டு. அதைக் கொலை நடந்த இடத்தில் கிடைத்த கத்தி மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தார்.

"இதைப் பாருங்கள். வட்டம். வழவழப்பு. இதில் நம் தேசம் எங்கே இருக்கிறது? நம் மொழிகள் எங்கே, மதங்கள் எங்கே, பன்முகப் பண்பாடு எங்கே? நம் மக்கள் நாள்தோறும் மூன்று வேளை இந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்."

"எங்க பிள்ளைங்க பல பேரு ரெண்டு வேளைதாங்க," என்றார் தலைமையாசிரியர் தானியேல்.

"இரண்டு வேளைதான் என்றால் விஷயம் இன்னும் அவசரம். ஒருமைப்பாட்டை உணரக் கிடைக்கிற சந்தர்ப்பம் குறைகிறதே."

இதைக் குறித்துக்கொள்ளும்படி வேதாசலத்துக்குச் சைகை காட்டினார். வேதாசலம் குறித்துக்கொண்டார்.

கூட்டத்தை உத்திரமேரூரில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை போட்டுச் சபைக்கு ஆள் எடுத்த ஊர் இது. கல்வெட்டு இருக்கிறது. எந்தச் சபையும் இங்கே கூடி முடிவெடுத்தால் அதற்கு ஒரு கனம் வரும் என்று பேராசிரியர் ஜெகந்நாதன் சொல்லியிருந்தார். கல்வெட்டைக் குழு காலையிலேயே பார்த்துவிட்டது. வெயில் ஏறிவிட்டதால் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை.

செல்வி ஜலஜா துவாலையைப் பிரித்துப் புதிய தட்டை மேசைமேல் வைத்தார். எவர்சில்வர். இந்திய வரைபடத்தின் வடிவம். காஷ்மீர் மேலே, கன்னியாகுமரி கீழே. ஒவ்வொரு மாநில எல்லைக்கும் ஒரு வரப்பு. நடுவே ஒரு கோபுரம், விரல் உயரத்துக்கு. மேற்குப் பக்கம் ஒரு பிறை, தென்மேற்கில் ஒரு சிலுவை, கிழக்கே ஒரு தாமரை. விவசாயிகளுக்காக விளிம்பில் ஒரு ஏர்.

எல்லாரும் பார்த்தார்கள்.

"சோறு எங்கம்மா போடறது?" என்று கேட்டார் பாவா சாயபு.

"மத்தியப் பிரதேசத்துல," என்றார் ஜலஜா.

"குழம்பு?"

"கர்நாடகாவுல ஊத்தினா மெதுவா தமிழ்நாட்டுக்கு வரணும். அப்படித்தான் டிசைன். ஆனா வரப்பு கொஞ்சம் உயரமாயிடுத்து. வரமாட்டேங்கறது."

"அது யதார்த்தமாகத்தான் இருக்கிறது. விட்டுவிடலாம்," என்றார் ஜெகந்நாதன்.

பாவா சாயபு தன் பிறை தாழ்ந்திருப்பதாகவும் ரசம் ஊற்றினால் மூழ்கிவிடும் என்றும் சொன்னார். உயர்த்தலாம் என்றார் தலைவர். அப்படியானால் சிலுவையையும் என்றார் தானியேல். கோபுரம் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதுதான் மரபு என்றார் ஜெகந்நாதன். இதற்கெல்லாம் நடுவில் ஏர் குட்டையாகத் தெரிந்தால் விவசாயிகள் மனசு கஷ்டப்படும் என்றார் தாமோதரன். அவர் ஏரைத் தொட்டு இருபது வருஷம் இருக்கும். எல்லாவற்றையும் உயர்த்துவது என்று முடிவாயிற்று.

கடைசியாகத் தலைவர் எழுந்து நின்றார். "இந்தத் தட்டின் தத்துவமே ஒன்றாக உண்பது. ஆகவே ஒப்புதல் கொடுக்கும் முன் நாம் ஏழு பேரும் இதே தட்டில், ஒருவர் பின் ஒருவராக, உண்போம்."

கைதட்டினார்கள். கைதட்டி முடித்தபிறகுதான் என்ன சொன்னார் என்பது ஒவ்வொருவருக்கும் புரிந்தது. அவருக்கும்.

தட்டு ஒன்றுதான் இருந்தது.

யார் முதலில் என்று பேச்சு வந்தது. ஊர் பெருமைக்கு ஏற்றபடி குடவோலை போடலாம் என்றார் ஜெகந்நாதன். முனிரத்தினத்தின் தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்துத் துடைத்து, ஏழு பெயர்களையும் சீட்டில் எழுதிப் போட்டார்கள். சபை மரபுப்படி விவரம் அறியாதவர் ஒருவர் எடுக்க வேண்டும். முனிரத்தினத்தை எடுக்கச் சொன்னார்கள்.

"பாவா சாயபு," என்று வந்தது.

அடுத்த நிமிஷம் ஜலஜாவுக்குத் தான் விரதம் என்பது ஞாபகம் வந்தது. தானியேலுக்கு வயிற்றுப் புண். வேதாசலத்துக்குச் சர்க்கரை. தாமோதரன் வரும் வழியிலேயே நாஷ்டாவைப் பலமாக முடித்துவிட்டார். ஜெகந்நாதன் வெளியில் எங்கும் சாப்பிடுவதில்லை என்று குருவிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அப்ப இன்னொரு சீட்டு எடுங்க. நான் கடைசியா துன்றேன்," என்றார் பாவா சாயபு. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "இல்ல, அப்பவும் நம்ம தானியேல் வாத்தியார் துன்ன தட்டுல தாமோதரன் நைனா எப்படி துன்னுவாரு? பேஜார்தான்."

தலைவர் ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் சீட்டே வேண்டிய தெளிவைக் கொடுத்துவிட்டதால் மற்றச் சீட்டுகளை எடுக்கத் தேவையில்லை என்றார்.

வழி கண்டுபிடித்தவர் ஜெகந்நாதன்தான். "சபை என்பது நேரடியாக எதையும் செய்வதில்லை. பிரதிநிதி மூலம் செய்கிறது. ஜனநாயகம் என்பதே அதுதானே? இத்தனை நேரம் மக்களுக்காக நாம் சிந்தித்தோம். நமக்காக மக்களில் ஒருவர் சாப்பிடட்டும்."

ஏழு பேரும் வராந்தா பக்கம் திரும்பினார்கள்.

சின்னப்பையன் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சின்னப்பையா, பசியா இருக்கியா?" என்று கேட்டார் பி.டி.ஓ. வேதாசலம். அவர் அவனிடம் இவ்வளவு அன்பாகப் பேசியது அதுவே முதல் தடவை.

"நான் இன்ஜினுக்கு வந்தேன் சார்."

"இன்ஜின் எங்க ஓடிப் போவுது? வா, சாப்டு. சாப்ட்டதும் கையெழுத்துப் போடறேன்."

ஓட்டலிலிருந்து சாம்பார் சாதம் வந்தது. குழு உறுப்பினர்களுக்கு வந்த சாப்பாடு வேறு. ராஜாராமனுக்கும் ஜெகந்நாதனுக்கும் ஜலஜாவுக்கும் காஞ்சிபுரத்தில் சமைத்துக் கொடுக்கும் பெருந்தேவி மாமி வீட்டிலிருந்து கேரியர் வந்தது. விரதம் அதற்குப் பொருந்தாது. மூவரும் பி.டி.ஓ. அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். தாமோதரனும் வேதாசலமும் ஹாலில் இலை போட்டுக்கொண்டார்கள். தானியேலும் பாவா சாயபுவும் வராந்தாவில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒருமைப்பாட்டுத் தட்டும் சின்னப்பையனும் வேப்பமரத்தடியில்.

தட்டை மடியில் வைத்ததும் கன்னியாகுமரி வயிற்றில் குத்தியது. திருப்பிப் பிடித்தான். காஷ்மீர் குத்தியது. மத்தியப் பிரதேசத்தில் கை வைத்தால் கோபுரம் உள்ளங்கையில் ஏறியது. சோறு ஆந்திராவில் கொஞ்சமும் ஒரிசாவில் கொஞ்சமுமாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு பருக்கையையும் வரப்புத் தாண்டித் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பசி இருந்ததால் சாப்பிட்டான்.

தீர்மானம் அன்றைக்கே எழுதப்பட்டது: குழுவின் அனைத்து உறுப்பினர்களும் சாதி, மத, மொழி வேறுபாடின்றி ஒரே தட்டில் மனநிறைவுடன் உண்டனர்.

ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜீப் புறப்பட்டது. சின்னப்பையன் கை அலம்பிக்கொண்டு பி.டி.ஓ.விடம் போனான்.

"கையெழுத்து சார்."

"போடறேன். அந்தத் தட்டைக் கழுவி உள்ள வெச்சிட்டு வந்துடு."

தட்டைக் கழுவினான். பீரோவில் வைக்கப் போனபோது முனிரத்தினம் குறுக்கே நின்றான்.

"அங்க வெக்காத. அங்க என் டம்ளர் கீது."

"கழுவிட்டேன்யா."

"கழுவினா?" என்றான் முனிரத்தினம்.

கழுவினால் போகிற எச்சில் உண்டு, போகாத எச்சில் உண்டு. எந்தத் தெருக்காரன் எச்சில் எந்த வகை என்பது உத்திரமேரூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சின்னப்பையன் எந்தத் தெரு என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அப்படி வாய்விட்டுக் கேட்கக்கூடியவர்களாக இருந்தால் சேர்ந்து சாப்பிட மாட்டோம் என்றே சொல்லியிருப்பார்கள், அவனைக் கூப்பிடத் தேவையே இருந்திருக்காது.

தட்டு அரசாங்கச் சொத்து. அவன் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. ஆபீசில் யாரும் அதைத் தொடவும் மாட்டார்கள். பட்டறைக்குக் கொண்டுபோய் பிறையையும் சிலுவையையும் உயர்த்த வேண்டும். வேதாசலம் யோசித்தார். "நீ நாளைக்கு வா. தட்டைப் பட்டறைக்கு எடுத்துக்கினு போயிட்டு வந்துடு. வந்ததும் போட்டுடறேன்."

மறுநாள் அவன் தட்டை எடுத்துக்கொண்டு போனான். பற்றவைப்பவர் வேதகிரி தட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே புடிச்சுக்கோ. நான் எட்ட நின்னு வெக்கிறேன்." இடுக்கியும் கொடுக்கவில்லை. இடுக்கி தீட்டாகிவிடும். சின்னப்பையன் ஈரச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தான். சாக்கு காய்ந்தது. கோபுரத்தை உயர்த்தும்போது கட்டைவிரலில் கொப்புளம் வந்தது.

அதன் பிறகு மெட்ராசிலிருந்து துணைக்குழு வந்தது. தட்டைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவன் சாப்பிட்டுக் காட்டினான். வரப்புகளை எண்ண ஒரு குழு வந்தது. சாப்பிட்டுக் காட்டினான். ஒரு மாநிலத்தின் எல்லை அரைவிரல் உள்ளே தள்ளி வந்துவிட்டது என்று புகார் வந்தது. பட்டறைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டுக் காட்டினான். உயர்ந்துவிட்ட கோபுரத்தைத் தாண்டிச் சோறு எடுக்கும் வித்தை அவன் விரலுக்குப் பழகிவிட்டது. வேறு யாராலும் முடியாது என்பதைத் துணைக்குழு வியப்போடு பதிவு செய்தது. வேறு யாரும் முயன்று பார்க்கவில்லை.

அவன் பெண்டாட்டி முனியம்மாள் ஆபீசுக்கு வந்தபோது அவன் வேப்பமரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவள் கையில் கயிறு உரசிய காயம். கிணற்றிலிருந்து வாளியில் இறைத்து வயலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, இஞ்சின் எங்க?"

"இன்னைக்குப் போட்டுடுவாரு."

"நேத்தும் இதான் சொன்ன. இங்க இன்னா பண்ணிக்கினு கீற?"

"துன்னுக்கினு கீறேன்."

அவள் தட்டைப் பார்த்தாள். சுற்றிப் பார்த்தாள். "இன்னாய்யா இது, தேரு மாதிரி கீது? இதுலயா துன்ற?"

"கவர்மெண்டு தட்டு."

"துன்றதுக்கு ஒரு ஆபீசு வெச்சிக்கினாங்களா? அய்யே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மேலண்டைப் பாத்தி மஞ்சளாயிடுச்சு. நான் ஒருத்தி வாளியில ஊத்தினா மேல்மண்ணு நனையுது, அவ்ளோதான். நாலு நாள்ள தண்ணி பாயல, அப்புறம் இஞ்சினை வெச்சிக்கினு பூஜைதான் போடணும். உன் பி.டி.ஓ. கிட்ட கேளு. நான் கேக்கட்டுமா?"

"நீ கேக்காத. நான் கேக்கறேன்."

கேட்டான். வேதாசலம் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. "சின்னப்பையா, நீ இப்பப் போயிட்டா தீர்மானம் என்னாவறது? ஏழு பேரும் சாப்பிட்டோம்னு எழுதிக் குடுத்திருக்கோம். மந்திரி வராரு. விழா முடியட்டும். அன்னிக்கே மேடையிலயே வாங்கித் தரேன். எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுப்பா. தட்டு விஷயத்துல ஏதாவது ஆச்சுன்னா என்னை ராமநாதபுரத்துக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க."

அவர் பயந்திருந்தது சின்னப்பையனுக்குத் தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குத் திரும்பினான்.

விழா பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பந்தல், தோரணம், நாதஸ்வரம். மைதானம் புழுதியாகக் கிடந்ததால் காலையிலிருந்து தண்ணீர் தெளித்தார்கள். மேடைக்கு முன்னால் தற்காலிகமாக ஒரு செயற்கை நீரூற்று. அதில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது. குழந்தைகள் கீழே நின்று வாய் திறந்து பிடித்தார்கள்.

முனியம்மாள் கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் வந்திருந்தாள். மேடைப் படிக்குப் பக்கத்தில் தட்டோடு நின்ற புருஷனின் தோளைத் தட்டினாள்.

"அதோ பாரு."

நீரூற்றுக்குப் பின்னால், கீற்றுத் தட்டி மறைவில், பச்சை இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடக் கிணற்றில் குழாய் விட்டிருந்தார்கள். பட்பட்பட் என்று நல்ல சத்தம். கோளாறு எதுவும் இல்லாத இன்ஜின்.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்லா இழுக்குது," என்றான் சின்னப்பையன்.

"ம்."

தலைவர் ராஜாராமன் வரவேற்றுப் பேசினார். "சிலர் கேட்டார்கள், தட்டில் ஏன் இத்தனை மேடு பள்ளம் என்று. நான் சொன்னேன், சமதளத்தில் சாப்பிடுவது சோம்பேறித்தனம். ஒரு கவளத்துக்காக ஒரு குடிமகன் எத்தனை எல்லைகளைத் தாண்டுகிறானோ அத்தனைக்கு அவன் இந்தியன். இந்தத் தட்டில் வயிறு நிறையாமல் போகலாம். நெஞ்சு நிறையும். ஒருமைப்பாட்டை உணர்ந்த பிறகு எனக்கே பசி எடுப்பதில்லை."

கேரியரைப் பற்றி அவர் குறிப்பிடவில்லை.

சின்னப்பையனை மேடையேற்றினார்கள். உட்கார்ந்து சாப்பிட்டான். மைக்கை வாயருகே வைத்திருந்ததால் மெல்லும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. கை தட்டினார்கள். மந்திரி அவன் தோளில் கைபோடுவதற்காகக் கையை நீட்டி, போட்டோ எடுத்து முடியும் வரை தோளுக்கு மேலே அந்தரத்தில் வைத்திருந்தார். பிறகு கேட்டார், "என்ன வேணும் கேளு."

வேதாசலம் சொல்லிக் கொடுத்திருந்தது, ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சின்னப்பையன் கீழே முனியம்மாளைப் பார்த்தான்.

"ஆயில் இஞ்சின் வேணுங்க. ரெண்டு நாளைக்கு. பயிரு காயுது."

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. மந்திரி மைக்கைப் பிடித்தார். "இப்போதே கொடுத்தேன்! இந்த நிமிஷமே உத்தரவு! அது மட்டுமா? இந்த அற்புதமான தட்டில் உண்ணத் தெரிந்த ஒரே குடிமகனை வயலில் விட்டு வைப்பதா? இவரை அரசாங்க ஊழியராக நியமிக்கிறேன்! முதல் தடவை உண்ட நாளிலிருந்தே இது அமுல்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முனியம்மாளும் தட்டினாள். முதல் வாக்கியத்துக்குத்தான் தட்டினாள்.

மறுநாள் காலையில் சின்னப்பையன் இரவல் மாட்டு வண்டியோடு ஆபீஸ் வந்தான். இன்ஜின் ஷெட்டுக்குத் திரும்பியிருந்தது. வேதாசலம் மந்திரியின் உத்தரவுகள் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கின மாதிரி இருந்தது.

"சின்னப்பையா, இந்த இன்ஜின் சிறு விவசாயிக்குத்தான்."

"நான் சிறு விவசாயிதான சார்."

"இல்லியேப்பா. நீ கவர்மெண்டு ஊழியன். ஊழியனுக்கு இந்தச் சலுகை கிடையாது. ரூல்."

"அது நேத்துல இருந்துதான சார்? நான் கேட்டது அதுக்கு முன்னாடி."

"முதல் தடவை சாப்பிட்ட நாள்ல இருந்து அமுல்னு சொல்லிட்டாரு. நீ இன்ஜின் கேட்டு உள்ள வந்தது அன்னிக்குதான். சாப்டப்புறம்தான் கையெழுத்துக்கு வந்த. கணக்குப்படி ஊழியனா வந்துதான் கேட்டிருக்க."

"அப்ப வேலை வேணாம் சார். இன்ஜினைக் குடுங்க."

"ராஜினாமா குடுக்கலாம். மெட்ராஸ் போய் ஒப்புதல் ஆகி வரணும். ஒரு மூணு மாசம் ஆவும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு என் கையில ஒண்ணுமில்லப்பா. சத்தியமா சொல்றேன்."

வண்டி காலியாகத் திரும்பியது. முனியம்மாள் வரப்பில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். அவள் ஒரு கதிரைப் பிடுங்கி, நெல்லை நகத்தால் நசுக்கினாள். பால் வரவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. அடுத்த கதிரைப் பிடுங்கினாள். அதிலும் இல்லை. மூன்றாவதைப் பிடுங்கவில்லை.

"வண்டி மாட்டை அவுத்து உள்ள வுடு," என்றாள். "அதாவது துன்னட்டும்."

அவிழ்த்து விட்டான். மாடுகள் வரப்போரம் கொஞ்சம் தயங்கின. பயிரில் வாய் வைத்தால் அடி விழும் என்று பழக்கம். யாரும் அடிக்கவில்லை. இறங்கி மேய்ந்தன.

"வேலைக்குப் போவட்டுமா வாணாமா?" என்று கேட்டான்.

"போ. ஒரு வேளை சோறாவது கெடைக்கும்."

"சம்பளம் மெட்ராஸ்ல இருந்து வரணுமாம். நாளாவுமாம்."

"போய்யா."

யூனியன் ஆபீசுக்குப் பின்னால் பழைய உரக் கிடங்கு ஒன்று இருந்தது. அதற்கு வெள்ளையடித்து, தேசிய ஒருமைப்பாட்டு உண்கலன் கூடம் என்று பலகை மாட்டினார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, தட்டு. தினமும் மதியம் ஓட்டலிலிருந்து சாப்பாடு வரும். அவன் சாப்பிட வேண்டும். மெட்ராசிலிருந்து யாராவது வந்தால் பார்ப்பார்கள். யாரும் வருவதில்லை. வராவிட்டாலும் சாப்பிட வேண்டும். ஒரு நாள் நின்றால் ஏழு பேரும் சாப்பிடவில்லை என்று ஆகிவிடும்.

அந்தப் பஞ்சத்தில் சாம்பார் வாசனை தூரம் போயிற்று. ரெண்டாவது நாளே கிடங்கு வாசலில் வேலை இல்லாத கூலிக்காரர்கள் வந்து நின்றார்கள். பெண்கள் குண்டானும் சொம்புமாக வந்தார்கள். சத்தம் போடவில்லை, நின்றார்கள். சின்னப்பையன் கையில் கவளத்தோடு அவர்களைப் பார்த்தான். அவர்கள் அவனைப் பார்த்தார்கள். மூன்றாவது நாள் அந்தக் கூட்டத்தில் முனியம்மாளும் இருந்தாள். இடுப்பில் ஒரு அலுமினியக் குண்டான்.

அவன் எழுந்து பி.டி.ஓ.விடம் போனான். "பாதி சோத்தை வூட்டுக்கு எட்த்துக்கினு போவட்டுமா சார்?"

"பாதி சாப்ட்டா தீர்மானத்துல பாதி பேரு சாப்பிடலன்னு வரும்ப்பா," என்றார் வேதாசலம். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. வாசலில் நின்ற கூட்டத்தை எட்டிப் பார்த்தார். தலைவர் திடீரென்று வந்துவிட்டால் ஒருமைப்பாட்டுக் கூடத்தின் முன்னால் பட்டினிக் கூட்டம் என்று எழுதிவிடுவார். முனிரத்தினத்தைக் கூப்பிட்டு, கடைத்தெருவில் ஒரு நல்ல பூட்டு வாங்கிவரச் சொன்னார்.

மறுநாள் மதியம் சின்னப்பையன் வந்தபோது முனியம்மாள் வாசலில் இல்லை. பழையசீவரத்துப் பக்கம் மண் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாள். மற்றவர்கள் நின்றார்கள். ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

"சீக்கிரம் துன்னு முடிக்காத. ஐயா நிதானமா துன்னச் சொன்னாரு," என்றான் முனிரத்தினம்.

"எப்ப தொறப்ப?"

"தட்டு காலியானதும் தட்டு. தொறக்கறேன்."

கிடங்கின் கதவு தகரம். மூடும்போது நீளமாகக் கிறீச்சிட்டது. உள்ளே வெளிச்சம் போயிற்று. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு மாட்டிச் சாவி திருகும் சத்தம் கேட்டது. முனிரத்தினம் பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, நின்றிருந்தவர்களைப் பார்த்து, "போங்க, போங்க, அவ்ளோதான்," என்றான்.